தருமலிங்கத்தைத் தொடாத ஏரி

2013 தை மாதம் போதை மறுவாழ்வு மையத்திலிருந்து, ஏரி நடுவிலுள்ள பசியாவரத்துக்குத் திரும்பிய தருமலிங்கம் ஏரியில் கால் வைத்ததும், தண்ணீர் அவரைவிட்டு நான்கு முழம் தள்ளி நின்றது. அவர் நடக்க நடக்கச் சுற்றிலும் வட்டமாகச் சேறு தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம் அது. தண்ணீர் வராவிட்டால் பிழைப்பும் இல்லை. முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை அவரை ஊசிவரை கொண்டுபோயிருந்தது. மனைவி நாகம்மாளின் கம்மலும், அவர்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையும் ஒரே வருடத்தில் போயின. ஏரிக்கு மட்டும் ரோஷம் இருக்கக் கூடாதா என்ன? ஊர் நாலு நாள் வேடிக்கை பார்த்தது. பிறகு சேற்றில் தொலைந்த நங்கூரத்தைத் தேட அவரைக் கூப்பிட்டுக்கொண்டது.

கொடுமை என்னவென்றால், மாத்திரை போட்டால் தண்ணீர் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. அடுத்த ஆடியில் ஒருநாள் பறி நிறைய இறாலோடு வீட்டுக்கு வந்தார். நாகம்மாள் இறாலைப் பார்க்கவில்லை, நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, மறுபடியும் போட்டியா?"

அவர் பறியை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். மறுநாளே படகேற்றி மையத்துக்கு அழைத்துப்போனாள். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் நனைந்து வந்தார். அந்தத் தடவை அவராகவே படகேறினார். அவளும் கூடப் போனாள். பாவம், அந்த மனுஷி பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதன்பிறகு அவர் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் பிடித்த நண்டுக்குக் கால் கட்டினார். 2019இல் தண்ணீர் ஒரு முழத்துக்குள் வந்தது. கொரோனா வருடத்தில் கால்விரலைத் தொட்டது. அன்று அவர் விம்மி விம்மி அழுதார், பார்த்தவர்களுக்கும் கண் கலங்கியது. மையத்திலிருந்து வருடாவருடம் படிவத்தோடு வந்து விசாரிக்கிற வித்யா போன மாதம் வந்தபோது, கணவனும் மனைவியும் ஏரிக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நாகம்மாளுக்குத் தண்ணீர் இடுப்புவரை இருந்தது, அவருக்கு முழங்கால்வரை.

"முழுசா குணமாயிட்டீங்களாண்ணா?" என்று வித்யா கரையிலிருந்து கேட்டாள்.

"முழங்காலு வரிக்கும் வந்துகீதும்மா. அதுக்கு மேல வருமானு தெரில."

"வராங்காட்டி போவுது," என்றாள் நாகம்மாள். "முழங்கா தண்ணிலயும் இறாலு கீது. நானும் கீறேன்னு எழுதிக்க."

வித்யா படிவத்தில் 'முழங்கால்' என்று எழுதிக்கொண்டு அடுத்த படகைப் பிடித்தாள். அனுப்பம்பட்டில், மையத்திலிருந்து திரும்பிய நாளாய் மழை நனைக்காத ஒருவரை அன்றே பார்க்க வேண்டியிருந்தது. அவர்மேல் இப்போதுதான் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.