வாயைப் பார்க்காத டொக்டர்

யோகராசாவுக்கு வைரசுகளின் குடும்பப் பெயர்கள் முழுவதும் பாடம். சின்னமுத்தும் கூகைக்கட்டும் பரமிக்ஸோ, கொப்பளிப்பானும் அக்கியும் ஹெர்பீஸ், டெங்கு பிளேவி, விசர்நாய்க்கடி றப்டோ. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்த ஒரு மருந்தகத்துக்கு உதவி வைத்திய அதிகாரியாக வந்த முதல் கிழமையே இதையெல்லாம் ஒரு பெரிய மட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டார். மருந்துக்கு வந்திருந்த ஒருத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சின்னமுத்தும் கூகைக்கட்டும் ஒரே குடும்பமென்றால் இந்நேரம் காணிச் சண்டை வந்திருக்குமே என்றாள். வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யோகராசா மட்டும் சிரிக்கவில்லை.

புஸ்பமும் சிரித்தாள், ஆனால் உள்ளுக்குள். பதினாறு வருடமாக அங்கே சிற்றூழியராக இருப்பவள் அவள். போருக்குப் பயந்து இரண்டு டொக்டர்மார் மாற்றம் வாங்கிப் போனதையும், ஒருவர் சொல்லாமலே போனதையும் பார்த்தவள். குடும்பப் பெயரொன்றும் அவளுக்குத் தெரியாது. தடிமனும் இருமலும் சிவந்த கண்ணுமாக நாலு நாள் காய்ச்சல் காய்ந்து, பிறகு காதுக்குப் பின்னாலிருந்து சிவப்பு இறங்கினால் சின்னமுத்து. நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்கொப்பளம் கிளம்பி, ஒன்று காய ஒன்று முளைத்தால் கொப்பளிப்பான். காதடி வீங்கிச் சோறு மெல்ல முடியாவிட்டால் கூகைக்கட்டு. இவ்வளவையும் காயம் கழுவிய கையோடு பார்த்துப் பார்த்தே பழகியிருந்தாள்.

யோகராசா மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே நோயைக் கண்டுபிடிப்பவர். நோயாளிக்கும் அவருக்கும் இடையில் எப்போதும் ஒரு பேனா நீளம் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மாரி தொடங்கியதும் மேலிடத்திலிருந்து டெங்கு பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து அவருக்குக் கண்டதெல்லாம் டெங்கு. ஒரு திங்கட்கிழமை, கிரான் பக்கத்திலிருந்து ஷெல்லடிக்கு ஓடிவந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒருத்தி, ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. கண் இரண்டும் சிவந்து வெளிச்சத்துக்குக் கூசின. இருமல் நிற்கவில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் சிவப்புப் படர்ந்திருந்தது. புஸ்பம் பிள்ளையின் நாடியைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். கன்னத்தின் உட்பக்கத்தில் அரிசிமா தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள்.

யோகராசா எட்டியும் பார்க்காமல் துண்டில் டெங்கு என்று எழுதினார்.

"டொக்டர், வாய ஒருக்காப் பாருங்க. இது சின்னமுத்துப் போல இரிக்கி," என்றாள் புஸ்பம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீர் எதுவரைக்கும் படிச்சிருக்கிறீர், புஸ்பம்?"

வாங்கிலிருந்த பதினைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு என்று புஸ்பம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். புஸ்பத்துக்குக் காது சுட்டது. அழு, நீயே உன்னுடைய மட்டையைக் கட்டிக்கொண்டு அழு என்று மனதுக்குள் வைதுகொண்டு பஞ்சு வெட்டப் போனாள்.

இருமிக்கொண்டிருந்த பிள்ளையை அதே வாங்கில் இருத்தினார்கள். குருக்கள்மடம் துறையில் வாவியைக் கடக்கிற மிதவையை இராணுவம் மறித்திருந்ததால், அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு அவர்கள் பின்னேரம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் எட்டு மாதக் கைக்குழந்தையோடு அன்னப்பூரணி இருந்தாள். அவள் வந்தது தன் கால் புண்ணுக்கு மருந்து கட்ட. ஒன்பது மாதம் ஆகாததால் குழந்தைக்குச் சின்னமுத்து ஊசி போட்டிருக்கவில்லை. அவளை எழுப்பி வெளியே மரத்தடியில் இருக்கச் சொல்ல ஒரு டொக்டரின் உத்தரவும் தேவையில்லை. புஸ்பம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பஞ்சு வெட்டினாள். வருகிறது வரட்டும், பெரிய படிப்பு வெளிக்கட்டும் என்ற எண்ணம்தான் அவளுக்கு அப்போது இருந்தது.

யோகராசா சும்மா இருக்கவில்லை. கொசுவுக்குப் புகையடிக்க இயந்திரம் கேட்டு எழுதினார். இயந்திரத்துக்கு முன்னர் டீசல் வேண்டுமே என்று நாற்பது லீற்றருக்கு அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டு தானே துறைக்குப் போனார். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கே கேள்வி கேட்கிற சோதனைச்சாவடியில், இயக்கத்தின் பிடியிலிருந்த இந்தக் கரைக்கு நாற்பது லீற்றர் டீசல் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். யாருக்கு டீசல் என்று கேட்ட அதிகாரிக்கு அவர் பிளேவி வைரசைப் பற்றி விளக்கினாராம். பிளேவி என்பது எந்த இயக்கம் என்று அதிகாரி கேட்டானாம். மிதவை இழுக்கிற சாமித்தம்பி இதைச் சொல்லிச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தான். காலையில் பிடித்தவரைப் பொழுது சாயத்தான் விட்டார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்பு இரண்டு கிழமை நிற்கவில்லை. வாங்கில் இருந்தவர்களின் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. தடிமன், இருமல், சிவந்த கண். நாலாம் நாள் காதுக்குப் பின்னால் சிவப்பு. யோகராசா சுற்றறிக்கையை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

புஸ்பம் அவரிடம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து, சின்னமுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விற்றமின் ஏ குளிசைகளை எடுத்துப் பையில் போட்டாள். அவர் ஏனென்று கேட்டபோது, வேண்டுமானால் மேலிடத்துக்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீடு வீடாகப் போய்க் குளிசை கொடுத்தாள். காய்ச்சல் பிள்ளைகளைத் தனியே விடச் சொன்னாள். நகரத்து ஆஸ்பத்திரித் தாதி ஒருத்திக்கு, தடுப்பூசி கேட்டுச் சாமித்தம்பியிடம் துண்டு கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி வந்து சேர்ந்தது.

பதினொரு பிள்ளைகளுக்குச் சின்னமுத்து வந்தது. பத்துப் பேர் தப்பினார்கள். அன்னப்பூரணியின் குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. இரண்டு நாள் மிதவை ஓடவில்லை. மூன்றாம் நாள் ஓடியபோது கொண்டுபோகத் தேவை இருக்கவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். யோகராசாவின் அறிக்கை அவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது. பரமிக்ஸோ குடும்பத்தைச் சேர்ந்த சின்னமுத்து நோய் உரிய காலத்தில் இனங்காணப்பட்டு, ஊழியர்கள் வீடுவீடாக அனுப்பப்பட்டுக் கட்டுப்படுத்தப்பட்டது என்று அதில் இருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை. மூன்று மாதத்தில் யோகராசாவுக்கு அவர் கேட்ட இடத்துக்கே மாற்றம் கிடைத்தது.

அதிகாரி புறப்படும்போது புஸ்பம் போய், முதல் நாளே தனக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் அந்தக் குழந்தையை வாங்கில் இருக்க விட்டதாகவும் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிற்றூழியரின் கருத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை என்றார்.

அதைக் கேட்க இடமிருந்த ஒரே ஆளிடம் அவள் மறுநாள் போனாள். அன்னப்பூரணி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புஸ்பம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வாய்க்குள் கண்ட புள்ளியை, டொக்டர் கேட்ட கேள்வியை, தான் பஞ்சு வெட்டப் போனதை. அன்னப்பூரணி நெல்லைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

"அவன் படிச்சவன். அவனுக்குக் கண் தெரியல்ல," என்றாள் கடைசியில். "நீ கண்டயே புள்ள. எழும்பி வெளிய போ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு என்ன படிப்பு வேணும்?"

இரு என்று அன்னப்பூரணி சொல்லவில்லை. புஸ்பம் படலையைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

இரண்டு வருடம் கழித்து அன்னப்பூரணிக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. புஸ்பம் இருந்த மருந்தகத்திலும் ஊசி போட்டார்கள்; அது அவள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஒவ்வொரு ஊசிக்கும் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மிதவைக்குக் காத்திருந்து, சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, அக்கரைக்குப் போய் வந்தாள்.