மூன்று மணிக்குள் ஒரு காடு

...இல்லை, அந்தத் தண்ணீர்க் காடுதான் சரியோ, ஒகவாங்கோ, பெயரைச் சொன்னாலே வாய் நிறைகிறது, ஓடத்தில் உட்கார்ந்தபடியே நீர்யானை பார்க்கலாமாம், ஆனால் மேடத்துக்கு எழுபத்தெட்டு வயது, ஓடத்தில் ஏற யார் கை கொடுப்பது, நான்தான் கொடுக்க வேண்டும், எனக்கே நீச்சல் தெரியாது... தென்னக்கும்புரப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நின்றுவிட்டன, பாடசாலை விடும் நேரம். பல்லேகலயில் வேனைச் சர்வீஸ் செய்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய சின்னமுத்து, பக்கத்தில் இருந்த மனைவி வீரம்மாவின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். ஒன்று ஐம்பது. மூன்று மணிக்குள் எந்தக் காடு என்று சொல்லாவிட்டால் ஜெர்மனியில் பயண ஏஜென்சிக்காரர் பிடித்து வைத்திருக்கும் இடங்கள் போய்விடும், பிறகு அடுத்த வருடம்தான், அடுத்த வருடம் ரெனாட்டா மேடத்தின் கண் எங்கே இருக்கும்? இப்போதே பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, ஓரங்களில் மட்டும் வெளிச்சம், அதுவும் மெல்லக் குறையுமென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பத்தொன்பது வருடமாக வந்து போகிறவர், ஒவ்வொரு முறையும் இந்தச் சின்னமுத்துவின் வேன்தான். போன மாதம் போனில் சொன்னார், உங்கள் நாட்டு யானைகளை எனக்கு நீ காட்டினாய், ஆபிரிக்காவுக்கு என் செலவில் உன் மனைவியோடு நாம் மூன்று பேரும் போவோம், எங்கே என்று நீ சொல்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமில்லை, செய்தது அவர்தான். தம்புள்ளையில் ஒரு ஹோட்டல், விருந்தாளிகளுக்கு மேலே நீச்சல் குளம், டிரைவர்மாருக்குப் பின்பக்கம் குவாட்டர்ஸ், எட்டுக் கட்டில், ஓடாத காற்றாடி, ஆறிப்போன சோறு. அன்றைக்குக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் சூப்புக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள், தலைவாழை விருந்து போட்டவர்கள் முகமெல்லாம் மறந்துவிட்டது, அந்தக் கோப்பையின் சூடு மட்டும் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. கடவுள் நேரில் வருவதில்லை, யாரிடமாவது ஒரு கோப்பையைக் கொடுத்து அனுப்புகிறார், கட்டுக்கலைப் பிள்ளையார் முன்னால் நிற்கும்போதெல்லாம் இது தோன்றும், யாரிடமும் சொன்னதில்லை.

"என்னங்க, அந்தப் பாரத்துல நீங்க எழுதுன கூத்த நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது," என்றாள் வீரம்மா. வராமல் என்ன செய்யும்? ஏஜென்சி அனுப்பிய படிவத்தில் அறை எது என்ற இடத்தில், இரண்டு பேருக்கும் டிரைவர் குவாட்டர்ஸ் போதும் என்று எழுதி அனுப்பிவிட்டார். கை தானாக எழுதியது. மேடம் விழுந்து விழுந்து சிரித்தாராம். கெலிஓயாவில் வேன் வைத்திருக்கும் ஹில்மி இதைக் கேள்விப்பட்டு, "முத்தண்ணே, அங்க சிங்கம் வந்தாலும் முதல்ல டிரைவர் ரூம் எங்க எண்டுதான் கேப்பீங்க," என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

"நான் விருந்தாளியாத்தான் வாரேன், சொல்லிப்புட்டேன்," என்றாள் வீரம்மா. "சரி, எது? மசாய் மாராவா, ஒகவாங்கோவா, அம்போசெலியா?"

மாராவில் ஆயிரக்கணக்கில் மிருகங்கள் ஆற்றில் குதித்து அக்கரைக்குப் போகும், மேடத்தின் ஓரக்கண்ணுக்கும் அந்த அசைவு தெரியும், ஆனால் ஏஜென்சி அனுப்பிய படத்தில் மிருகத்தைவிட ஜீப்புகள்தான் அதிகம். இங்கே நம் காடுகளிலும் அப்படித்தானே, ஒருவன் சிறுத்தையைக் கண்டால் எல்லோருக்கும் போன், ஐந்து நிமிடத்தில் முப்பது ஜீப், நானும் அந்தப் போனை எடுத்தவன்தான், ஒருமுறை குட்டியோடு நின்ற யானை பயந்து குட்டியையே இடறியது, அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அப்படியானால் அம்போசெலி, வெட்டவெளி, பெரிய யானைகள், பின்னால் பனிமலை... வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"யானை பாக்கவா ஆபிரிக்கா? பின்னவலைக்குப் பஸ்ஸில போயிட்டுப் பொழுதோட வந்துரலாமே."

"மேடத்துக்குத் தெரியணும் புள்ள, பெருசா இருந்தாத்தானே தெரியும்."

"அவுங்க அனுப்புனத நீங்க ஒழுங்காக் கேக்கவே இல்ல," என்று வீரம்மா போனை அமுக்கினாள். மேடத்தின் குரல், ஜெர்மன் மணக்கும் மெதுவான ஆங்கிலம். என் கண்ணுக்காகத் தேடாதே முத்து, நீ பார்க்க ஆசைப்படுவதைச் சொல், அதைத்தான் நானும் பார்க்கப் போகிறேன்.

நான் ஆசைப்படுவதா? சின்னமுத்து தேடினார். மின்னேரியா யானைக் கூட்டம்... நினைவில் வருவது யானை இல்லை, வாயைப் பொத்திக்கொண்ட ஒரு பிரெஞ்சுக் கிழவர். வில்பத்துவில் கரடி... கரடி கறுப்பாக ஏதோ, தெளிவாக இருப்பது பின்சீட்டில் அழுதுவிட்ட கல்யாணப் பெண். ஜீப்பின் முன்சீட்டில் இருந்து விலங்கைக் கண்டதும் உடனே பின்னால் திரும்பி முகங்களைப் பார்ப்பது, சந்தோஷமா, போதுமா, இத்தனை வருடமும் முகங்களையா பார்த்தேன்? அப்படியானால் எனக்கு என்ன பார்க்க வேண்டும்? பாலத்துக்குக் கீழே மகாவலி மெல்லப் போனது, ஒரு கொக்கு குனிந்து தண்ணீரைக் கொத்தியது, அப்போது எங்கிருந்தோ வந்தது, ஒட்டகச்சிவிங்கி... அது எப்படித் தண்ணீர் குடிக்கும்? அவ்வளவு உயரத்திலிருந்து தலை கீழே வந்தால் மயக்கம் வராதா, முன்னங்கால்களை அகட்டுமா, குடித்து நிமிரும்போது தண்ணீர் கழுத்தில் எவ்வளவு நேரம் போகும்?

"அம்போசெலில சதுப்பு இருக்குன்னு போட்டிருந்துச்சுல்ல? ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்க வருமா?"

வீரம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வரும்போல. அதயா எழுதச் சொல்றீங்க?"

"அதயே எழுது."

அவள் ஒற்றை விரலால் தட்டினாள், அனுப்பியும் விட்டாள், பின்னால் ஹோர்ன் கேட்டது, சின்னமுத்து கியரைப் போட்டார். இனி மாற்ற முடியாது. அங்கே பின்சீட்டில் மேடம், வீரம்மா, பக்கத்தில் நான். முன்னால் முகம் தெரியாத ஒருவன் வண்டியை நிறுத்துவான், கையை நீட்டுவான், பிறகு திரும்பி என் முகத்தைத்தான் பார்ப்பான், அவனும் என்னைப்போலத்தானே... அப்போது என் முகத்தில் என்ன இருக்கும்?