இஞ்சி வளைத்த எல்லை

எல்லாருக்கும் சுகந்தானே? ஐப்பசித் துலா மழை விடாமல் கொட்டுகிறது, காய்ச்சல் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி ஒரு துலா மழையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், கொல்லயிலுக்குக் கிழக்கே இரண்டு மாநிலங்களின் எல்லை துளிர்விட்டது.

காரணம் விஜயதாஸ். அவர் சர்வே ஆபீசில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிறவர். மாநிலம் பிரிகிற நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் எல்லைக்கல் நட வேண்டும், கல்லோ வந்து சேரவில்லை. "கல்லு வாறது வரைக்கும் கம்பு நட்டு வையும்" என்றார் ஓவர்சியர் சதாசிவன். அந்தப் பக்கத்தில் வேலிக்கு யாரும் காய்ந்த கம்பை நடமாட்டார்கள், வேர் பிடிக்கிற பச்சைக் கம்பைத்தான் நடுவார்கள். விஜயதாசும் அப்படியே முள்முருக்கங்கம்பை வெட்டி வரிசையாக நட்டுக்கொண்டே வந்தார். வரைபடத்தில் இருந்த கோடு அவருடைய சொந்த வீட்டு முன்வாசலில் நுழைந்து அடுக்களை வழியாக வெளியே போனது.

அவர் மனைவி ராஜபாய், சர்க்கார் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். வாசலில் வந்து நின்றாள். "இங்கயும் முள்ளுக் கம்பா? டியூசனுக்கு வாற பிள்ளைகளு காலுல குத்தாதா?" என்று திட்டிவிட்டு, அடுக்களையிலிருந்து முளை வந்த ஓர் இஞ்சித் துண்டும் கிணற்றடியிலிருந்து ஒரு பிடி வல்லாரையும் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுப் பக்கத்து எல்லைக்கு அவற்றையே நட்டார்கள்.

அப்புறம்தான் ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. வீடு எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அங்கேயே வேலை. வீட்டைக் கோடு கீறினால் ஆளுக்கொரு மாநிலம். அவர் கோயம்புத்தூருக்கு மாற்றம், அவள் காசர்கோட்டுக்கு. கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. "இந்தக் கையாலதானே நான் நட்டேன்" என்று சொல்லி விஜயதாஸ் இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை.

ஏழாம் நாள் கம்பெல்லாம் துளிர்த்தது. முருக்கு தண்டு நேரே நிற்கிற ஜாதி, அதனால் அது நின்றது. ஆனால் ஒரு கம்பைச் சுற்றியிருந்த நல்லமிளகுக் கொடிக்குப் பற்றி ஏறுவதுதான் குணம். அது பக்கத்துப் பலாவைப் பிடித்து மூன்றாவது கொம்பு வரை ஏறியது, எல்லையும் கூடவே ஏறியது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கட்சிக் கொடி பிடித்து வந்த கூட்டம், எந்தப் பக்கம் நின்று கோஷம் போடுவது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு, பலாவின் அடிமூட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டது. "எலே, நாம இப்ப எங்கயாக்கும் இருக்கோம்?" என்று கூட்டத்திலிருந்த தங்கப்பன் கேட்டார். யாருக்கும் மனசிலாகவில்லை.

ராஜபாய்க்கு மட்டும் கொஞ்சம் மனசிலானது. தண்டின் வகைகளை அவள் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள். வல்லாரை தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், ஈரம் கண்ட பக்கம் போகும். இஞ்சி மண்ணுக்குள்ளே ஆகாரத்தைச் சேர்த்துக்கொண்டு நகரும். அவள் கஞ்சித்தண்ணியை வீட்டின் கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் மாற்றி மாற்றி ஊற்றினாள். ஒன்பது நாளில் வல்லாரை கிழக்கே சுற்றியது, இஞ்சி மண்ணுக்கடியில் மேற்கே சுற்றியது. இரண்டும் அடுக்களைக்குப் பின்னால் சந்தித்தன. நடுவில் வீடு, கீறல் விழாமல் நின்றது.

கல் வண்டியோடு சதாசிவன் வந்தார். ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றி நடந்தார், தலை சுற்றி உட்கார்ந்தார். "வல்லாரை இருக்கட்டும். இந்த இஞ்சி வேரல்லே, டீச்சரே? கம்பு, அதாவது தண்டு, நடத்தான் உத்தரவு உண்டு. வேரு எல்லை ஆவாது. நான் வீட்டு நடுவிலயேதான் கோடு போடணும்."

விஜயதாஸ் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார். ராஜபாய் ஓர் இஞ்சியைத் தோண்டிக் கழுவி ஓவர்சியர் கையில் வைத்தாள்.

"வேருல கணு உண்டா சாரே? செதிலு உண்டா? இந்தா, முளை கண்ணு முழிச்சிப் பாக்குது. இது தண்டாக்கும். மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு வேராயிடுமா? எங்க நாலாங்கிளாஸ் பிள்ளைகளு சொல்லும்."

சதாசிவன் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு துண்டு கடித்தும் பார்த்தார். "கணு உண்டு கேட்டோ" என்று முணுமுணுத்து, 'வீடு கீறுபடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியில் இருந்த கல்லையெல்லாம் அந்த இரண்டு தண்டும் போன வழியிலேயே வட்டமாக நட்டுவிட்டுப் போனார்.

அந்த வட்டம் எந்த மாநிலம் என்று யாரும் எழுதவில்லை, அதனால் மாற்றலும் நடக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் காலையில் அவர் கிழக்கே வேலைக்குப் போனார், அவள் மேற்கே போனாள், சாயங்காலம் இருவரும் வட்டத்துக்குள் வந்து பாலில்லாக் கட்டன்சாயா குடித்தார்கள். இஞ்சி வருஷம் ஒரு சாண் நகர்ந்தது, கல்லும் கூடவே நகர்ந்தது. எழுபத்திரண்டில் மாட்டுத்தொழுவமும், எண்பதில் பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரியின் கிணறும் உள்ளே வந்தன. "வந்தா வரட்டு, தண்ணி பழைய தண்ணிதானே" என்றாள் ஸ்ரீகுமாரி. மார்கழித் தனு மாதம் இஞ்சி விளைந்தால் ராஜபாய் எல்லையைத் தோண்டி மீன்கறிக்கு அரைப்பாள். முளையுள்ள ஒரு துண்டை மட்டும் அந்தந்தக் குழியிலேயே திரும்ப வைத்து மண் மூடுவாள், சர்க்கார் காரியம் அல்லவா.

உங்கள் தோட்டத்துப் பறம்பில் எல்லை நிற்கிறதா, ஓடுகிறதா, மரம் ஏறுகிறதா? ஒரு வரியாவது எழுதிப் போடுங்கள்.