திணறும் பிள்ளையின் அருகே

ஆசிரியையான அக்காவின் வகுப்பறைக்குள் காலை வைத்ததுமே தங்கை அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாம் வகுப்பு என்றால் சந்தைக்கடையாக இருக்க வேண்டாமா? ஆளுக்கொரு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் குனிந்திருந்தன. ஒன்றாவது வாயைத் திறக்கவேண்டுமே! அக்கா சன்னலோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

டேப்லெட்டில் ஓடிய கணக்குச் செயலி தங்கை செய்தது. முனைவர் பட்ட ஆராய்ச்சி. கழித்தல் வராமல் முழிக்கும் பிள்ளைக்கு வழிகாட்ட ஓர் உதவி பட்டன் வைப்பதாகத்தான் திட்டம். புரோகிராம் எழுதியவன் வேறு வேலை கிடைத்துப் பாதியில் போய்விட்டான். பட்டன் இல்லாமலே செயலி பள்ளிக்கு வந்தது.

"ஏன் இல்லைன்னு கேப்பாங்க. பொருத்தமா ஒரு கோட்பாட்டைப் பிடிச்சுப் போடும்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

கோட்பாட்டுக்கா பஞ்சம்! தேடினாள், கிடைத்தது: தனியாகத் திணறினால்தான் ஆழமாகக் கற்க முடியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மகராசி கோணல்தான் அழகு என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள். ஆசிரியர் கையேட்டிலும் ஒரு வரி சேர்த்தாள்: 'திணறும் பிள்ளையின் அருகே போகாதீர்கள்.' கையேட்டை எவர் படிக்கப்போகிறார் என்ற தைரியம்தான்.

அக்கா படித்திருந்தாள். கூடப்பிறந்தவள் எழுதியதாயிற்றே.

"முதல்ல மனசே கேக்கலடி," என்று தங்கையின் காதோரம் சொன்னாள். "கையைத் தூக்கிக்கிட்டே இருந்துச்சுங்க. சிலது அழுதுச்சுங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இப்பப் பாரு, யாரும் கூப்பிடறதே இல்ல. எல்லாப் பாடத்துக்கும் இதேதான்."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.  அடுத்த வாரம் தங்கைக்கு வாய்மொழித் தேர்வு. எல்லோரும் மெச்சியது அந்த அத்தியாயத்தைத்தான். வாயை மூடிக்கொண்டு வெளியேறினால் பட்டம் கைக்கு வந்துவிடும். போய்விடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள், பாவி.

"அக்கா, பட்டன் செய்ய முடியலக்கா. அதை மறைக்கத்தான் அப்படி எழுதினேன்."

பின்னால் கட்டியிருந்த அக்காவின் கை அவிழ்ந்தது.

"அப்போ அதுங்க அழுதது?"

தங்கை பார்வையைத் திருப்பினாள். அவமானத்தில் காது சுட்டது. கடைசி வரிசையில் ஒரு சிறுமி ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை போய் அவளருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"காட்டு கண்ணு. சேர்ந்து போடலாம்."

சிறுமி அவளைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தாள். "நான் கேக்கல மிஸ். இவங்களாதான் வந்தாங்க."

அக்கா ஓடிவந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். "கேக்கலாம்டா தங்கம். மிஸ்தானே சொல்றேன், கேளு."

சிறுமி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் திரையை மூடிக்கொண்டாள்.