உள்ளங்கைச் சூடு

அந்த இனத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆணுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 'மாப்பிள்ளை' என்று பெயர். கட்டைவிரல் நீளமுள்ள மர எலி. பக்கத்துக் கூண்டில் இருந்த இரண்டு பெண் எலிகளை அது ஏறெடுத்தும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை முறுக்கு இன்னும் குறையவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள், கூண்டுகளைப் பராமரிக்கும் அக்கா.

உயிரோடு இருக்கும்போதே விந்து எடுக்கலாமென்றால், அத்தனை சிறிய உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. அதனால் நிலையத்தின் டாக்டர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: அது செத்தால் அந்த நிமிடமே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, லேப் டெக்னீஷியனுக்குப் போன் செய்ய வேண்டும். உடம்பு குளிர்ந்திருந்தால்தான் விந்தணுக்கள் சாகாமல் கிடைக்கும். பிறகு திரவ நைட்ரஜனில் பல வருடங்கள் உறையவைக்கலாம்.

அன்று காலை எட்டரைக்கு டெக்னீஷியன் உள்ளே வந்தபோது, அக்கா முக்காலியில் உட்கார்ந்து, குவித்த கைகளை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"எழுந்திரிக்க மாட்டேங்குது தம்பி."

ஐந்தரை மணிக்குத் தீனி வைக்க வந்தபோதே சில்லிட்டுச் சுருண்டு கிடந்ததாம். அவள் பதறவில்லை. குளிர் கூடினால் இந்த எலிகள் மூச்சுகூடத் தெரியாமல் கட்டையாகிவிடும். போன வருடமும் இப்படிக் கிடந்ததை அவள்தான் உள்ளங்கையில் பொத்தி, வாயால் ஊதி ஊதி எழுப்பினாள். இன்றும் அதே நம்பிக்கையில் மூன்று மணி நேரம், கடவுளை வேண்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

அவன் கை நீட்டி வாங்கிக்கொண்டான். செத்த உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது.

மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் விந்தணுக்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. இன்னொரு துளி வைத்துப் பார்த்தான். இன்னொன்றும் வைத்தான். மதியத்துக்குள் துளிகள் தீர்ந்தன. உறையவைப்பதற்காக எப்போதோ பெயர் எழுதித் தயாராக வைத்திருந்த எட்டு மெல்லிய குழாய்களையும் வெறுமையாகவே இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

அக்கா கதவருகே நின்றிருந்தாள்.

"என் கைச்சூடுதான் கெடுத்துடுச்சா?"

காலையிலிருந்து நாக்கு நுனியில் நின்ற கடுஞ்சொற்களெல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் வற்றிப்போயின. பொய் சொல்லவும் அவனுக்கு மனம் வரவில்லை.

"ஆமாக்கா," என்றான். கையுறைகளைக் கழற்றியபடி, "ஆனா போன வருஷம் நான் பார்த்திருந்தா செத்துடுச்சுன்னு உயிரோடவே ஃபிரிட்ஜுல வெச்சிருப்பேன். நீங்கதான் அதுக்கு ஒரு வருஷம் வாங்கிக் குடுத்தீங்க," என்றான்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொட்டை எலிங்க ரெண்டும்?"

"இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்க்கா."

அதற்குப் பிறகு அந்த இனத்தில் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் உள்ளே போய், அந்தச் சின்ன வாய்களுக்கு ஏற்றபடி ஆப்பிளைப் பொடிப்பொடியாக நறுக்க ஆரம்பித்தாள். அவன் தன் வேலை இல்லாவிட்டாலும் தண்ணீர்க் கிண்ணங்களை எடுத்துக் கழுவி, துடைத்து, அவள் பக்கத்தில் வைத்தான்.