உள்ள போ, மக்கா

வடசேரியில் லீலாபாய் டாக்டரின் ஸ்கேன் சென்டருக்குக் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான். நோயாளிகளின் ரிப்போர்ட் இருக்கும் சர்வருக்குப் பெயர் கிடையாது, வெறும் ஐ.பி. எண். அதைத் தட்டினால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாக எச்சரிக்கை வரும். அது வராமலிருக்க எண்ணுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும்; அதை வாங்குவது முன்பு பெரும்பாடு. இப்போது சும்மாவே கிடைக்கிறது. ஆறு நாள்தான் செல்லும், அதற்குள் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட வேண்டும், அரைநாள் வேலை. அதற்கு எனக்கு உடம்பு வணங்கவில்லை.

ரிசப்ஷனில் சேர்ந்த ஜெப்சி முதல்நாளே பயந்துபோய்க் கூப்பிட்டாள்.

"அண்ணே, செவப்பா என்னமோ வருது."

"அது அப்பிடித்தான் வரும், பேடிக்காத. அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அத அமுக்கிட்டு உள்ள போ, மக்கா."

எட்டு மாதம் தினமும் அமுக்கினாள். போன வாரம் ஒரு மெயில் வந்தது, சர்வரில் மறுபடியும் பாஸ்வேர்டு போடச் சொல்லி. அதிலிருந்த லிங்கிலும் பெயரில்லை, ஒரு எண்தான். அதிலும் சிவப்பு வந்தது. அமுக்கி, பாஸ்வேர்டைப் போட்டாள். அது எவனோ கள்ளன் விரித்த பக்கம். நானூறு பேருடைய ரிப்போர்ட் வெளியே போய்விட்டது. நான் சான்றிதழ் போட்டிருந்தால் எங்கள் சர்வரில் அந்தச் சிவப்பே வந்திருக்காது. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிவப்பைப் பார்த்து, அந்தப் பிள்ளை கையை எடுத்திருக்கும்.

டாக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"இவ்வளவு பெரிசா எச்சரிக்கை வந்தும் எப்படி உள்ள போன?"

"ஷாஜன் அண்ணன்தான்..." என்று தொடங்கினாள் ஜெப்சி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீயா சொல்லிக் குடுத்த?"

பன்னிரண்டு கிளினிக் என்னை நம்பி இருக்கின்றன. வெளியே தெரிந்தால் ஒருவனும் உள்ளே விடமாட்டான்.

"இல்ல டாக்டர்" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அவளை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அஞ்சுகிராமம் பஸ்ஸுக்காக நின்றவளைத் தேடிப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க சொன்னமாதிரிதானே அண்ணே அமுக்கினேன்? எங்க பிசகிச்சு? சொல்லுங்க, அடுத்த எடத்துல சரியாச் செய்வேன்."



"நீ ஒண்ணும் பிசகல. நான் சொல்லித் தந்ததே தப்பு. தப்பு பூரா எனக்கதுதான்."



"இத அங்க வச்சுச் சொல்லியிருக்கலாம்லா அண்ணே?"

டாக்டர் இன்னும் சென்டரில்தான் இருந்தார். நடந்தால் ஐந்து நிமிடம். வா, இப்பவே போய்ச் சொல்லுவோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"பஸ் வந்துட்டு, ஏறு" என்றேன்.