ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு

ஆலன் மகள் எஃபியின் குடும்பப் பெயரை எதில் எழுதினாலும் அது தீப்பிடித்துவிடும். காகிதம் என்றால் இருபது நிமிடம், பலகை ஒரு வாரம், கல் நாற்பது வருடம். அதனால் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், எங்கள் ஸ்கார்வா ஊரில், இதனால் யாருக்கும் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் இங்கே ஆளை அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். குடும்பப் பெயர் தேர்தலுக்கும் சாவுக்கும் மட்டும்தான் வெளியே வரும். ஓட்டுச்சாவடியில் எஃபி வீட்டாரை எப்போதும் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள், பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று தயாராக இருக்கும்.

1977 மே மாதம் எஃபியின் தம்பி லாக்லன் சிங்கி இறால் பிடிக்கப் போய் மூழ்கினான். அப்பாவின் பக்கத்தில் அவனுக்குக் குழி வெட்டியபோது, 1937இல் நிறுத்திய அப்பாவின் கல் சரியாகக் கணக்கு முடிந்து, கைப்பிடி சாம்பலாக உதிர்ந்தது. எஃபிக்குப் பிள்ளை இல்லை, லாக்லனுக்கும் இல்லை. கல்வெட்டும் மர்டோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"கோவிச்சுக்காத எஃபி. உங்க வீட்டுக்குக் கல்லு வெட்டுனா எனக்குத்தான் கெட்ட பேரு."

"பேர விட்டுட்டு வெட்டேன்டா."

"பாதிரியார் விடமாட்டார். பதிவேட்டுல கருகி ஓட்டையாக் கெடந்தாலும் குடும்பப் பேரு கல்லுல இருந்தே ஆகணுமாம்."

"நாப்பது வருசம் கழிச்சு என் தம்பி எங்க கெடக்கான்னு எவனுக்குடா தெரியும்? ஆடு மேயும் அவன் மேல!"

மர்டோ தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எஃபிக்கு வந்த கோபம் இரண்டு வருடம் இறங்கவே இல்லை. அந்தக் கோபத்தோடே அவள் தன் பெயரின் வேரைத் தோண்ட உட்கார்ந்தாள். ஸ்காட்லாந்தின் ஆவணக் காப்பகங்களுக்கு எழுபது கடிதம் போட்டாள், எல்லாவற்றிலும் 'எஃபி, ஸ்கார்வா' என்று மட்டும் கையெழுத்திட்டாள். கப்பல் பட்டியலின் நகல் வந்தது. அதில் பதினொரு ஆட்களுக்கு எதிரே, குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கருகிய ஓட்டை. அதற்கும் முன்னால் போனாள். 1783க்கு முன்பு அவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அந்த வருடம் கொடும் பஞ்சம். தன் பெயரைச் சூட்டிக்கொண்டு தன் குலத்தில் சேரும் குடியானவனுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு என்று அந்தப் பகுதிப் பிரபு அறிவித்திருந்தார். தலைக்கட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டினால் அவருக்கு மதிப்பு. எஃபியின் மூதாதை ரோரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு புதுப் பெயரோடு வீடு திரும்பினான்.

நாற்பது வருடம் கழித்துப் பிரபுவின் பேரனுக்குச் செம்மறி ஆடுகள் மேல் ஆசை வந்தது. ஆடு மேய நிலம் வேண்டும், ஆட்கள் வேண்டாம். கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். ரோரியின் மகன் வாசலில் நின்று, "ஐயா, நாங்களும் உங்க பேருதானே, உங்க பேருதானே" என்று கூரை விழும்வரை சொல்லிக்கொண்டிருந்ததாகத் தீ வைத்த காரியஸ்தனே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறான், வெட்கங்கெட்டவன். பெயரில் தீப்பற்றியது அன்றைக்குத்தான். பிறகு அதை யாரும் அணைக்கவில்லை.

1979 ஜூலையில் எங்கள் ஊரில் அந்தப் பிரபு குலத்தாரின் கூட்டம் நடந்தது. இப்போதைய பிரபு கட்டம்போட்ட பாவாடையும் பளபளக்கும் முகமுமாக விமானத்தில் வந்து இறங்கினார். அதே பெயர்தான், ஆனால் அவருக்காக எழுதினால் எரியாது; அதை எழுதிய பதாகையை எங்கள் மைதானத்தில் நாங்களே கட்டினோம், அத்தனை புத்தி எங்களுக்கு. "என் பிள்ளைகளே" என்று அவர் ஆரம்பித்தபோது, எஃபி தள்ளுவண்டியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வண்டியில் நூற்று நாற்பது பவுண்டு ஓட்ஸ் மாவு.

"எங்காளு உங்க பாட்டன்கிட்ட ஒரு மூட்ட மாவு வாங்கிட்டு உங்க பேரப் போட்டுக்கிட்டான். மூட்ட இதோ. பேர எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

பிரபு சிரித்தார். "அதெல்லாம் பழைய கதைம்மா. நாமெல்லாம் ஒரே ரத்தம் இல்லியா?"

"ரத்தமாவது மண்ணாவது! மாவுய்யா, மாவு!"

படம் எடுப்பவர்கள் சூழ்ந்துவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் பிரபு மூட்டையின் மேல் கை வைத்து, "சரி, வாங்கிக்கிட்டேன்" என்றார். பதாகை புகைய ஆரம்பித்தது. மீதிப் பேச்சு நடக்கவில்லை.

மறுநாள் பாதிரியார் பதிவேட்டைப் பிரித்தார். கருகிய ஓட்டைகள் எல்லாம் மூடி, அந்த இடத்தில் வெறும் தாள் இருந்தது. விதி பேச அவருக்கு வழி இல்லை. மர்டோ ஆறு நாள் உளி பிடித்து, லாக்லன், ஆலன் மகன், ஹெக்டர் பேரன் என்று ஏழு தலைமுறையை வெட்டினான். பிரபுவிடமிருந்து எங்கள் ஊருக்கு இன்றும் எப்போதாவது கடிதம் வருகிறது. அஞ்சலகத்தில் அதைத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

அந்த டிசம்பரில் எஃபி கல்லறைக்குப் போனாள். அவள் வீட்டுக் கல்லில் வெண்பனி நின்று அவள் பார்த்ததே இல்லை, விழுந்ததும் உருகிவிடும். இந்தக் கல்லில் ஒரு சாண் உயரம் அசையாமல் கிடந்தது. கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு பெயராகப் பனியைத் தள்ளித் தள்ளி ரோரி வரைக்கும் படித்தாள்.

"கை வெறைக்குதுடா, பாவி" என்று தம்பியைத் திட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.